மாந்தோப்பில் டிஸ்க் கோல்ஃப் திடல்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி – காவேரிப்பட்டணம் சாலையை ஒட்டிய நம் மன்றத்து மாந்தோப்பில், பொதுக்குழுவின் ஒப்புதலோடு தொடங்கிய டிஸ்க் கோல்ஃப் திடல் பணி நிறைவடைந்துவிட்டது. 9 கூடைகளும் நிலத்தில் நின்றுவிட்டன. ஆட்டத்துக்குத் திடல் திறந்திருக்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பணம் போன வழியை அங்கே பார்த்துக்கொள்ளலாம். எதை ஏன் இப்படிச் செய்தோம் என்பதை இந்த அறிக்கையில் சொல்கிறோம்.

ஆட்டத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். எறிமேடையில் நின்று, தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கை, கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையை நோக்கி வீச வேண்டும். அது விழுந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீச்சு. டிஸ்க் கூடைக்குள் தங்கும்வரை இப்படியே. குறைந்த வீச்சுகளில் 9 கூடைகளையும் முடித்தவர் வென்றவர். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்தின் முன்னோடி எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிலையான திடலில் இலக்கு வெறும் கம்பம்தான். சங்கிலியும் கூடையும் பின்னால்தான் வந்தன. நாங்களும் இரும்பு வாங்குவதற்கு முன், மாங்காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் தோப்பில் ஆங்காங்கே வைத்து, பிள்ளைகளை எறியச் சொல்லிப் பார்த்துத்தான் இடங்களை முடிவு செய்தோம். இப்போதைய 3ஆம் கூடையின் இடம் முழுக்க முழுக்க அந்தப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது.

18 கூடைகள் வேண்டும், தூரமும் கூட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்டிருந்தார்கள். இடம் இருந்தும் நாங்கள் இணங்கவில்லை. முதன்முதலாக எறிபவரின் டிஸ்க் பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள் இறங்கிவிடும். அவர் முன்னால் 120 மீட்டர் தூரத்தில் கூடையை நட்டுவைத்தால், நான்காவது கூடைக்குள் சலித்துப்போய் நிழலில் உட்கார்ந்துவிடுவார். அடுத்த ஞாயிறு வரமாட்டார். ஆகவே மிகக் குறுகியது 40 மீட்டர், மிக நீண்டது 75 மீட்டர். எல்லாமே 3 வீச்சில் முடிக்க வேண்டிய கணக்கு. கைதேர்ந்தவர்களுக்கு இது எளிது என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் பெங்களூரு வரை போயாவது ஆடிவிடுவார்கள். வாழ்நாளில் ஒரு முறையும் எதையும் எறிந்து விளையாடாத நம் வீட்டுப் பெண்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தத் தோப்பை விட்டால் வேறு இடம் இல்லை. மகளிர் குழுவினர் கேட்டுக்கொண்டதால் முதல் எறிமேடையையும் நுழைவாயிலிலிருந்து தள்ளி, கிணற்றுக்கு அப்பால் அமைத்தோம். வாயிலில் எப்போதும் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தனை கண்கள் பார்க்க முதல் வீச்சை வீசும்படி யாரையும் வைக்கக் கூடாது.

திடல் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதில்தான் குழு நெடுநேரம் பேசியது. வலமாகச் சுற்றுவதுதானே முறை என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டிஸ்க்கின் போக்கு வேறாக இருக்கிறது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை வீச்சாக எறியும்போது, மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரமுள் செல்லும் திசையில் சுழல்கிறது. வேகம் உள்ளவரை ஏறக்குறைய நேராகப் போகும். வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். புதியவர் வீச்சில் வேகம் குறைவு என்பதால் இந்தச் சாய்வு இன்னும் சீக்கிரமே வந்துவிடும். வலமாகச் சுற்றினால் தோப்பின் எல்லை எப்போதும் ஆட்டக்காரரின் இடப்பக்கம் இருக்கும். சாயும் டிஸ்க்குகள் எல்லாம் சாலைக்கோ பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்கோ போய்ச் சேரும். இடப்புறமாகச் சுற்றினால் எல்லை வலப்பக்கம் போய்விடுகிறது, டிஸ்க் தோப்புக்குள்ளேயே விழுகிறது. சாலையில் இருசக்கர வாகனங்கள் ஓயாமல் போகின்றன. இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இடக்கைக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழாகும். எனவே சாலையை ஒட்டிய 7, 8ஆம் கூடைகளில் அவர்கள் உட்புறம் உள்ள தனி எறிமேடையிலிருந்து எறிய வேண்டும். அந்த மேடைகளுக்கு மஞ்சள் அடையாளம் இட்டிருக்கிறோம்.

கூடைகளை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்வித்தோம். சங்கிலி அழகுக்காகத் தொங்குவதல்ல, வந்து மோதும் டிஸ்க்கின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே தட்டில் விழச் செய்வதற்காக. ஒற்றை வரிசையாக இருந்தால் இடைவெளியில் புகுந்து மறுபக்கம் போய்விடும். அதனால் வெளி வட்டத்தில் 12, உள் வட்டத்தில் 6 என இரண்டு வரிசை. அத்தனையும் துத்தநாகப் பூச்சுள்ள சங்கிலி. செலவில் பெரும்பங்கு இதற்கே போனது. ஒரு ரூபாயும் வீண் இல்லை என்பது குழுவின் உறுதியான கருத்து. எறிமேடைகளுக்கு இந்த மாவட்டத்துக்கே உரிய கிரானைட்டைப் போட்டோம். மெருகேற்றிய கல் மழையில் வழுக்கும் என்பதால் கொத்திய முகத்தை மேலே வைத்துப் பதித்திருக்கிறது. கல் உபயம் செய்தவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மரம் ஒன்றும் வெட்டப்படவில்லை. பழைய முறைப்படி 10 மீட்டர் இடைவெளியில் நட்ட மரங்கள் ஆதலால், வரிசைகளுக்கு நடுவே டிஸ்க் பறக்க வழி ஏற்கெனவே இருந்தது. பெங்களூரா வகை மாமரங்களுக்கிடையே போகும் 4, 5, 6ஆம் கூடைகளின் கம்பங்கள் மட்டும் கழற்றி மாற்றும்படி குழாய்க்குள் நிற்கின்றன. பூ எடுக்கும் மார்கழி முதல் காய் இறக்கி முடியும்வரை அந்த மூன்றையும் புளியமரங்களுக்கு அப்பாலுள்ள வெற்றிடத்துக்கு மாற்றிவிடுவோம். தோப்பு வருமானத்தில் நடக்கும் மன்றம் இது. பூங்கொத்தின் மேல் டிஸ்க் படக் கூடாது.

மன்றத்தில் இரவல் கொடுக்கும் டிஸ்க்குகள் குறுந்தூரத்துக்கான புட்டர், நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் வகைகள் மட்டுமே. தூரம் போகும் டிரைவர் வகை ஏன் இல்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். விளிம்பு மெலிந்த அந்த டிஸ்க், போதிய வேகம் கிடைக்காவிட்டால் உடனே இடப்பக்கம் குத்திட்டு விழும். புட்டர் மெதுவாகப் போனாலும் நேராகப் போகும். அதில் கை பழகட்டும். ஆடிக் காற்று எதிரே அடிக்கும் நாட்களில் தாழ்வாக எறியுங்கள். மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கிய டிஸ்க் காற்றில் ஏறித் திரும்பி வந்துவிடும்.

கூடையிலிருந்து தொலைவில் இருப்பவரே முதலில் எறிய வேண்டும். முன்னால் ஆள் நிற்கும்போது யாரும் எறியவே கூடாது. இதில் குழந்தை, பெரியவர் என்ற பாகுபாடு இல்லை. வேலிக்கு வெளியே போனால் ஒரு வீச்சு தண்டம். கூடைக்கு 10 மீட்டருக்குள் நிதானமாக நின்று எறிய வேண்டும் என்ற விதியை இப்போதைக்குக் கட்டாயமாக்கவில்லை. புதருக்குள் விழுந்த டிஸ்க்கைக் கையால் துழாவ வேண்டாம், பாம்பு உண்டு. ஒவ்வோர் எறிமேடையிலும் கொக்கி வைத்த மூங்கில் கழி சார்த்தியிருக்கிறது.

இன்னும் முடியாதவை: 6ஆம் எறிமேடைக்கு நிழல் கூரை, 9ஆம் கூடையிலிருந்து கிணற்றுப் பக்கம் திரும்பும் வழிகாட்டிப் பலகை. இரண்டும் மீதித் தொகையிலேயே நடக்கும்; புதிய வசூல் கிடையாது. கண்டெடுத்த டிஸ்க்குகளை அலுவலக அறையில் காவலரிடம் ஒப்படைக்கவும். கூடைச் சங்கிலிகளில் ஏதேனும் அறுந்திருந்தால் கூடை எண்ணை அங்குள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு