உன் நண்பனைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் நீ தயங்கித் தயங்கிக் கேட்டவற்றுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியாகிவிட்டது என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் குடித்த டம்ளரில் நானும் குடித்திருக்கிறேனே அம்மா என்றாய். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தே வயதைக் கழித்தவள் நான். ஆகவே இதை உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

டம்ளரால் தொற்றாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் இந்த வைரஸ் பிறருக்குத் தொற்றக்கூடிய அளவில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் போட்டுக்கொண்ட ஊசியை இன்னொருவர் பயன்படுத்துவது, பரிசோதிக்காத இரத்தத்தை ஏற்றுவது, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ குழந்தைக்குப் போவது ஆகியவையே அது பரவும் வழிகள். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் பரவுவதில்லை; ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் கட்டி அணைப்பதாலும் வருவதில்லை. கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகுவதில்லை; கொசு கடிக்கும்போது நம் உடலில் இறக்குவது தன் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அன்று. சவரக் கத்தியை மட்டும் யாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டாம். இரத்தம் படக்கூடிய பொருள் என்பதால் எல்லோருக்குமே அது பொருந்தும்.

இதையெல்லாம் உனக்கு எழுதும் நான், 1990களின் தொடக்கத்தில், எங்கள் கூடத்தில் உடன் வேலை பார்த்த ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தபோது, அவருடைய டம்ளரைத் தனியே எடுத்து வைத்தவர்களில் ஒருத்தி. பரவும் வழிகள் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை; மறுநாளிலிருந்து தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவரத் தொடங்கினார். முதல் மருந்து 1987லேயே வந்திருந்தாலும், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1996 வாக்கில் வந்த பிறகுதான் இந்த நோயின் போக்கு மாறியது. அதுவரை அவர் இருக்கவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

உன் நண்பனின் நிலை வேறு. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் இந்த வைரஸ் தாக்கும் வகையான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியானவுடனேயே எல்லோருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. இன்று பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காக உட்கொண்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் இரத்தத்தில் வைரஸின் அளவு சோதனையில் தென்படாத நிலைக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக மருந்து உட்கொள்பவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று போவதில்லை. 2019இல் வெளியான 'பார்ட்னர் 2' ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்து அவர் சிகிச்சையிலும் இருந்த ஏறத்தாழ 800 ஆண் இணைகளை, ஆணுறை இல்லாத உறவின்போதும் கவனித்தார்கள். துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஆனால் இது குணமாகிவிட்டது என்று பொருளாகாது. சில அணுக்களுக்குள் வைரஸ் பதுங்கியே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெருகிவிடும். முதல் வாரங்களில் குமட்டலோ தூக்கக் குறைவோ வந்தால், தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்.

இனி உனக்கு. அவனோடு தங்கியதற்காக நீ பரிசோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எவரும் ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது என்பதால் நீயும் செய்துகொள். உன் வாழ்வில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்து போகும், பிறகு பல ஆண்டுகள் ஒரு அறிகுறியும் இராது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தொற்றிய மறுநாளே பரிசோதனையிலும் தெரியாது. நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் வைரஸின் ஒரு பகுதியான ஆன்டிஜனையும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் 18 முதல் 45 நாட்களுக்குள் தெரியும். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் வரை ஆகலாம். முதல் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தாலும், வேறு பரிசோதனையால் உறுதி செய்த பிறகே முடிவாகச் சொல்வார்கள். ஆபத்தான தொடர்பு எப்போதாவது நேர்ந்துவிட்டால், காத்திராமல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போ. 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாயோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து ஆபத்து உள்ளவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் 'பிரெப்' மருந்தும் உண்டு.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவன் உன்னிடம் மட்டும் சொன்னதை நீ என்னிடம் சொல்லிவிட்டாய். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயும் இனி யாரிடமும் சொல்லாதே, அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் அவனிடமிருந்து மறைக்காதே. அடுத்த முறை அவன் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது துணைக்கு வரட்டுமா என்று கேட்டுப் பார். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. அந்த டம்ளரை இருந்த இடத்திலேயே வை.

அன்புடன்,
அம்மா