குடியிருப்போர் நலச் சங்கம், கிருஷ்ணகிரி: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். மழைக்கு முன் சாக்கடை தூர் வாரப்பட்டது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி கூட்டப்பட்டன. கோரம் சேராததால் பெரும்பாலானவை அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு அதே நாலைந்து பேரோடு நடந்து முடிந்தன.

இனி, சங்கக் கட்டட மாடியில் போட்ட சோலார். இதைப் பற்றி டீக்கடையில் நிறையப் பேசியாயிற்று, சபையில் யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மானியம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் நம்மைப் போன்ற சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000தான். ஆக 3 கிலோவாட்டுக்கு 54,000. "மீதி 24,000 எங்கே போச்சு?" என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில். அவருடைய சந்தா இரண்டு வருடமாக எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

அடுத்து, இடம். வேலைக்கு வந்தவர்கள் மாடிப்படி அறையை ஒட்டியே பேனலை வைக்கலாம் என்றார்கள். கேபிள் மிச்சமாகும் என்று பொருளாளரும் தலையாட்டினார். தெற்குப் பக்கத்து வீட்டின் தண்ணீர்த் தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. நம் ஊர் ஏறத்தாழ 12½ டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆனியில் சூரியன் நம் உச்சியையும் தாண்டி வடக்கே போய்விடும், தொட்டி நிழல் இந்தப் பக்கம் வராது. மார்கழியில்தான் தெற்கே சாய்ந்து நிழலை நீட்டும். அதனால் மார்கழி வரும்வரை காத்திருந்து, காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு நிழல் எதுவரை வருகிறதென்று தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். செயலாளர் மொட்டை மாடியிலேயே குடியேறிவிட்டார் என்று கிண்டல் செய்தார்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் அடிவாங்கும். கோட்டுக்கு வெளியே வடக்கே தள்ளி, தெற்குப் பார்த்து, 12 டிகிரி சாய்வில் வைத்தோம். கேபிள் கூடத்தான் ஆயிற்று.

பேனல் ஏற்றிய அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பேனல் 28 கிலோ வரும், ஆளைவிட நீளம். ஒரு தம்பி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினார். இறங்கச் சொன்னேன். "சார், இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். "ஆகாததாலதான் தம்பி நீ பேசிக்கிட்டிருக்கே" என்றேன். அப்புறம் இரண்டிரண்டு பேராக, சட்டத்தைப் பிடித்துப் படி வழியே கொண்டுபோனார்கள். ஒயரைப் பிடித்துத் தூக்கவோ, கண்ணாடிமேல் கால் வைக்கவோ விடவில்லை. பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, நாளடைவில் அந்த இடம்தான் சூடேறிக் கருகும்.

வெயில் பட்டால் பேனலில் கரன்ட் இருக்கும், அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. ஆறு பேனலைத் தொடராகச் சேர்த்தால் 300 வோல்ட் வரை வரும், அதுவும் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் கரன்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி சட்டென்று அணையாது. அதனால் இணைப்பு கொடுத்து முடியும்வரை தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் பக்கம் இடுப்பில் பெல்ட், கயிறு இல்லாமல் யாரும் போகக்கூடாது என்றேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பேனல் எம்மாத்திரம்? தளத்தைத் துளைத்தால் மழைக்கு ஒழுகும் என்பதால் கனமான கான்கிரீட் பீடம் கட்டி அதில் ஸ்டாண்டைப் போல்ட் போட்டு இறுக்கினோம். பேனலின் டிசி கரன்டுக்கு, லைனில் வரும் ஏசி கரன்டுக்கு, இடிதாங்கிக்கு என்று எர்த் குழி மூன்றும் தனித்தனி. ஒரே குழி போதாதா என்று கேட்டவர் குழி தோண்டும்போது பக்கத்திலாவது நின்றிருக்கலாம்.

கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்ற புகாருக்கு: நம்முடையது பேட்டரி இல்லாதது, தெரு லைனோடு இணைந்தது. லைனில் கரன்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு நம் மாடியிலிருந்து ஷாக் போகக்கூடாது என்றுதான், டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நிற்கிறது. அது பழுதல்ல.

கிரானைட் தூசி படியும் ஊர் இது. அதிகாலையில், கண்ணாடி சூடேறுமுன் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்புப் படிய வைக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்தால் போதும். இதற்கு முறை வைத்துப் பெயர்ப் பட்டியல் ஒட்டினோம். பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது. கழுவுவது யார் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். போன மாதம் பேனல்மேல் யாரோ புளி காயவைத்திருந்தார்கள். பெயர் தெரியும், சொல்லப்போவதில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கையாளர் பார்த்துவிட்டார். சந்தா பாக்கி பாதி வீடுகளுக்கு மேல். மின்கட்டணம் குறைந்ததைக் காட்டிச் சந்தாவையும் குறைக்கச் சொல்பவர்கள், பழைய பாக்கியைக் கட்டிவிட்டுக் கேட்டால் நன்றாக இருக்கும்.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், இடம் கொடுத்தும் கொடுக்காமலும் ஒத்துழைத்த அண்டை வீட்டாருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தெருவிளக்குக் கம்பங்களுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், போர் மோட்டாரை மாற்ற வேண்டும். உடல்நிலை காரணமாக நான் தொடர்வது சிரமம். பொறுப்பேற்க முன்வருபவரிடம் மாடிச் சாவியையும் கோப்புகளையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால், போன ஆண்டைப் போலவே, சபையின் விருப்பத்துக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கழுவும் முறைப் பட்டியலில் கையெழுத்து வாங்கிய பிறகுதான். பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேஜையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்