செயலாளர் ஆண்டறிக்கை: சாயத் தண்ணீரும் காளான் தொட்டியும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சாயத் தண்ணீரைக் காளானைக் கொண்டு வெளுக்கும் யோசனை, அதாவது ஆண்டு முழுவதும் வாக்குவாதத்தைக் கிளப்பிய காளான் தொட்டிக்கு நேரே வருகிறேன்.

ஓலைப்பெட்டி முடையும் நம் பெண்கள், ஓலையை வேகவைத்த சாயத் தண்ணீரை மணலில் ஊற்றிவந்தார்கள். சில அடிக்குக் கீழே குடிநீர் ஊற்று. சென்ற பொதுக்குழுவில் எழுந்த புகாரை அடுத்து, சிப்பிக்காளான் அறுவடை முடிந்த வைக்கோல் படுக்கைகளை மகளிர் குழுவிடம் கேட்டு வாங்கினோம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, பூஞ்சை இனமான இந்தக் காளான் லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரக்கிறது. பல சாயங்களும் அவற்றுக்குத் தப்புவதில்லை. இதே வகையைச் சேர்ந்த, மரத்தை வெளுத்து அழுகச்செய்யும் ஒரு வெண்ணழுகல் பூஞ்சை ஊதாச் சாயமொன்றைச் சிதைப்பது 1988இலேயே ஆய்வில் தெரியவந்தது.

சாயத் தண்ணீரில் படுக்கையைப் போட்டுவைத்த நம் வாளியிலும் நிறம் வெளுத்தது. "வைக்கோலே உறிஞ்சியிருக்கலாமே?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. படுக்கையை வேகவைத்துப் பூஞ்சையைக் கொன்று, இன்னொரு வாளியில் போட்டுப் பார்த்தோம். அதிலும் நீர் ஓரளவு தெளிந்தது. ஆனால் வைக்கோல் ஊதாவாகவே கிடந்தது. உயிருள்ள படுக்கையிலோ வைக்கோலின் நிறமும் நாளடைவில் போயிற்று. கேள்வி கேட்டவரையே சோதனைக் குழுவுக்குப் பொறுப்பாளராக்கிவிட்டோம். அவருக்கு அதில் மகிழ்ச்சியில்லை.

உவர்க்கிணற்று நீரில் கலந்த சாயத்திடம் மட்டும் பூஞ்சை சோர்ந்துவிட்டது. இலட்சத்தீவில் மட்கிய கடற்புல்லிலிருந்து கிடைத்த ஃபிளாவோடான் ஃபிளாவஸ் என்ற பூஞ்சை கடல்நீர் கலந்த வளர்ப்புக் கரைசலிலும் சாயத்தை வெளுக்கும் என்பதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் காட்டியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் கடற்புல்லுக்குப் பஞ்சமில்லை. அதற்காகத் தேசியப் பூங்காத் தீவுகளுக்கு யாரும் வள்ளத்தை எடுக்க வேண்டாம். பூஞ்சையைப் பிரித்து இனம் காண்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. உதவி கேட்டுக் கடிதம் எழுதத் தீர்மானித்துள்ளோம்.

இதற்கிடையில், சாயக் கழிவுநீர் பற்றி நாம் மனு கொடுத்திருக்கும் ஆலையின் தரப்பினர் ஒருவர் வந்து, தாங்களும் காளான் தொட்டி கட்டுவதாகவும் நம் மனுவைத் திரும்பப் பெறும்படியும் கேட்டார். பூஞ்சை நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. நிறம் போனதால் நச்சும் போனதென்று சொல்ல முடியாது. சாயம் சிதைந்து வரும் துணுக்குகளையும் சோதித்தாக வேண்டும். மனு அப்படியே இருக்கும் என்று எழுத்துமூலம் பதில் கொடுத்துவிட்டோம்.

வரும் ஆண்டில் பெட்டி முடைவோருக்காக, நிழலான இடத்தில் சிமெண்ட் உறை இறக்கித் தொட்டி அமைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. செலவைச் சந்தா நிலுவையிலிருந்தே ஈடுகட்டலாம். நிலுவைப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்