பூட்டிய வீடுகளின் தெருவிலிருந்து

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டுமே என்ற கவலை இருந்தது, முடிந்துவிட்டது. அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

"உனக்கு வாடகைத் தொல்லை விட்டது" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். சென்னை மடிப்பாக்கத்தில் கடைசியாக மாத வாடகை பதினெட்டாயிரம் கொடுத்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய தூசியில் அம்மா இருமிக்கொண்டிருந்த அதே மாதம், 'மெட்ரோ வரப்போகுது சார்' என்று வீட்டுக்காரர் மூவாயிரம் ஏற்றினார். காலி செய்தபோது பெயிண்டுக்கென்று இரண்டு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொண்டார். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அட்வான்சுக்கு மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். வீடு கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவன் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டான்?

இங்கே, மன்னார்குடிப் பக்கத்து ஊரில், வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. ஆனால் இந்த வீடு கிடைக்க ஐந்து மாதம் அலைந்தேன். அதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் பதினான்கு வீடு, அதில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்து ஒட்டடை அடித்து விளக்கேற்றிவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டு போவார்கள். வாடகைக்குக் கேட்டால் தருவதில்லை. குடிவைத்தால் கிளப்ப முடியாது என்ற பயம் சிலருக்கு. சில வீடுகள் பங்காளிகளுக்குள் பாகம் பிரியாதவை. அப்பா வாழ்ந்த வீட்டில் வேறு யாரோ அடுப்பு மூட்டுவதா என்ற மனசும் இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறொன்று. 'நீங்க எந்த ஊர்ப் பக்கம்?' என்று தொடங்கி, அப்பா பெயர், குலதெய்வம் என்று சுற்றி வந்து, கடைசியில் சாதியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனை விட்டு வெளியே வந்து நம் அறையின் மூன்றாவது ஆள் வீடு தேடியபோது, பெயரைக் கேட்டதுமே எத்தனை கதவு சாத்தினார்கள், நினைவிருக்கிறதா? இங்கும் அதேதான். என்ன, உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர் எனக்காகப் பேசினார். 2018-ல் கஜா புயலில் பின்கட்டு ஓடெல்லாம் பறந்து, தகரம் போட்டு விட்டிருந்த வீடு இது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி ஒன்பது கிலோமீட்டர், இரவு எட்டரைக்குமேல் பஸ் இல்லை. அம்மாவுக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் ஆட்டோதான், பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர். மாதம் ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை ஆபீசுக்கு வந்து போகிறேன். வாடகையில் மிச்சமாவதில் பாதிக்குமேல் வழியிலேயே கரைகிறது. ஆனால் அம்மா திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசுகிறாள். மடிப்பாக்கத்தில் மூன்று வருஷம் அவளுக்குப் பேச ஆள் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ச்சாரியில் விலைக்கு வருகிற அந்த மூன்றரை சென்ட் மனை. போனில் பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன். 'நமக்கே முடித்துவிடு' என்று எழுதியிருக்கிறாய்.

அந்த இடத்தை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா. அவர்கள் குடிசை இருப்பது வாய்க்கால் புறம்போக்கில். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு மூன்றரை லட்சம் தருகிறது, ஆனால் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். அதற்காகத்தான் சீட்டுப் போட்டுக் காசு சேர்க்கிறார். பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார். சென்ட் நாற்பதாயிரம் என்று பேச்சு இருந்தது. சென்னையிலிருந்து ஆள் கேட்பதாக எப்படியோ காதில் விழுந்ததும், தரகர் இப்போது எழுபது என்கிறார். உனக்கு அது பெரிய தொகை இல்லை. அந்த அக்காவுக்கு அந்த வித்தியாசம் இன்னும் எத்தனையோ நடவு.

மடிப்பாக்கத்தில் மெட்ரோவைக் காட்டி நமக்கு வாடகையை ஏற்றினார்கள். இங்கே நம்மைக் காட்டி இவர்களுக்கு விலையை ஏற்றுகிறார்கள். அதுதான் எனக்குத் தூக்கம் வரவிடாமல் செய்கிறது, மச்சான்.

நீ வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா, ஆனால் வாங்காதே, முதலில் வாடகைக்கு இரு. பூட்டிய ஆறு வீட்டில் ஒன்றைத் திறக்க வைக்க நானும் டீக்கடைக்காரரும் பேசிப் பார்க்கிறோம். ஒரு கார்த்திகை மழை இங்கே இருந்து பார்த்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே வடிகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். வடக்குப் பக்க அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

தரகரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்த மனையை விட்டுவிட்டாய் என்று ஒரு வரி எழுது, அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மேன்ஷன் கூட்டாளி