அரபிப் புத்தகம் வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இத்தனை புத்தகம், இத்தனை செயலி எதற்கும்மா? எல்லாவற்றிலும் முதல் பாடத்தை மட்டும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாய்.

எந்த அரபி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். செய்தியும் நூலும் படிக்க ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து வழக்கு அரபி. கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ ஆட்களோடு பேசிப் பழக அந்த ஊர்ப் பேச்சுவழக்கு. நம் மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை விட இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். மொராக்கோக்காரர் வேகமாகப் பேசினால் ஈராக்காரரே திணறுவார். சில புத்தகங்களின் அட்டையில் வெறுமனே 'அரபி' என்றுதான் இருக்கும், முன்னுரையைப் புரட்டிப் பார். நீ மொழிபெயர்ப்பு வேலை பற்றிப் பேசுவதால் ஃபுஸ்ஹா என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் பட்டியலில் முதலில் இருக்கும் 'அல்-கிதாப்' 1995 முதல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வெளியிட்டு வருவது. மஹா, காலித் என்ற இருவரின் கதை வீடியோவாகவே பாடத்தோடு ஓடும். எழுத்துக்கு 'அலிஃப் பா' என்று தனிப் புத்தகம் வாங்க வேண்டும். வகுப்பும் ஆசிரியரும் இருந்தால் நல்ல தேர்வுதான். இலக்கணத்தை அது அங்கங்கே கொஞ்சமாக அவிழ்க்கும். தனியாகப் படிப்பவருக்குப் பிடி கிடைக்காது. 'வீடு', 'கதவு' எல்லாம் நிலைப்பதற்குள் 'ஐக்கிய நாடுகள் சபை' வந்து நிற்கும்!

உனக்கு நான் சொல்வது மதீனாப் புத்தகம், 'துரூஸுல் லுகா', மூன்று தொகுதி. எழுதிய வி. அப்துர் ரஹீம் தமிழ்நாட்டில் பிறந்தவர், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 'ஹாதா பைத்துன்', இது வீடு என்று தொடங்கும். விளக்கமே இருக்காது, ஒரே அமைப்பில் வாக்கியம் மேல் வாக்கியமாக வந்து, இலக்கணம் தானாகப் படியும். எழுத்துக்கு மேலும் கீழும் வரும் உயிர்க்குறிகளும் போட்டிருக்கும். பத்திரிகைச் சொற்கள் குறைவு, படங்களும் அழகில்லை, பரவாயில்லை. முழுக்க அரபியிலேயே இருப்பதால் முதலில் மிரட்டும். அதற்குத்தான் அவரே நடத்திய வகுப்புகளின் வீடியோ இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்.

வேறு எதை வாங்கினாலும் ஒலிப்பதிவு அந்தப் பாடத்தினுடையதேதானா என்று பார். எங்கோ எடுத்த பேச்சைச் சேர்த்து 'மல்டிமீடியா' என்று விற்பார்கள். கண் வாசிக்கும் வரியையே காதும் கேட்டால்தான் பயன். பழைய பதிப்பானால் சிடி. உன் லேப்டாப்பில் அதைப் போடவே இடமில்லை. புதிய பதிப்பானால் இணையதளத்துக்கு ஒரு குறியீடு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அதை யாராவது பயன்படுத்தித் தீர்த்திருக்கலாம். கேட்டுவிட்டு வாங்கு.

அரபியைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ கடைசிவரை எழுதிக்காட்டும் புத்தகம் வேண்டவே வேண்டாம். ஸீன், ஸாத் என்ற இரண்டு வேறு எழுத்தும் தமிழில் ஒரே 'ஸ', இரண்டு ஹாவும் ஒரே 'ஹ'. அப்படிப் பழகிய நாக்கைத் திருப்புவது பெரும்பாடு. மொத்தம் 28 எழுத்துதான், உட்கார்ந்து எழுதிப் பழகு. அதற்கு டுயோலிங்கோ செயலி போதும். எழுத்து வந்ததும் அந்தச் செயலியை விட்டுவிடு.

அப்புறம் கேட்பதற்கு: குழந்தைகள் நிகழ்ச்சி என்று சிரிக்காதே. 1979-இல் குவைத்தில் தொடங்கிய 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' ஃபுஸ்ஹாவிலேயே பேசும். ஃபுஸ்ஹாவில் டப்பிங் செய்த கார்ட்டூன்களும் நிறைய உண்டு. கொஞ்சம் தேறியதும் அல் ஜஸீராவின் அரபி கற்கும் தளத்துக்குப் போ. நிலை வாரியாகப் பாடம் வைத்திருக்கிறார்கள்.

ஹான்ஸ் வேர் என்பவரின் அரபி அகராதியை இப்போதே வாங்காதே. அதில் சொற்கள், அவை பிறந்த மூல எழுத்துகளின் வரிசையில் இருக்கும். 'மக்தபா'வை (நூலகம்) அதன் முதல் எழுத்தான மீமில் தேடினால் கிடைக்காது, மூல எழுத்துகளான காஃப்-தா-பாவில் தேட வேண்டும். இரண்டாம் தொகுதிக்கு வந்ததும் நானே வாங்கி அனுப்புகிறேன்.

முதல் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. தொண்டையிலிருந்து வரும் அய்ன் எழுத்து சரியாக வருகிறதா, கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா