கோஹோவைப் படம் எடுக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கனடாவின் விக்ரோறியாவில் வேலை உறுதி என்று அறிந்தோம். வீட்டு வாடகை, குளிர்ச் சட்டை எல்லாம் அப்பா எழுதுவார். நான் எழுதுவது கோஹோ கப்பலைப் பற்றி. கமராவைக் கொண்டுபோகிறாய் என்றபடியால், முதல் நாளே தப்பான இடத்தில் நின்று எடுக்காமல் இருக்கட்டும் என்று.

கப்பல் எது என்று தெரியும்தானே? உள்துறைமுகத்தில், சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வெள்ளைக் கப்பல். சியாற்றிலில் கட்டி, 1959 டிசம்பர் 29-இல் ஓடத் தொடங்கியது. நீளம் 104 மீற்றர், அகலம் 22 மீற்றர். 1,000 பேரும் 110 வாகனமும் ஏறலாம். ஹுவான் டி ஃபூக்கா நீரிணையைக் குறுக்கே தாண்டி அமெரிக்கக் கரையில் போட் ஏஞ்சலிசுக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். ஊரில் என்றால் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் இதையும் பாதை என்றுதான் சொல்லியிருப்போம், காரைநகர்–ஊர்காவற்றுறைப் பாதை மாதிரி. 2004-இல் எஞ்சின்களை மாற்றினார்கள். பெயரும் வழித்தடமும் உருவமும் அதேதான்.

இந்தக் கப்பலைப் படம் எடுப்பதில் உள்ள வில்லங்கமும் அதுதான். 1970-இல் எடுத்ததையும் போன கிழமை எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், கப்பலை மட்டும் பார்த்து ஆண்டு சொல்வது கஷ்டம். காலத்தைக் காட்டுவது கப்பலுக்குப் பின்னால் இருப்பவை. ஆகவே கப்பலை மட்டும் இறுக்கி வெட்டி எடுக்காதே. எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், அந்தப் படங்களால் பிறகு ஒரு பிரயோசனமும் இல்லை. கப்பலின் இரண்டு பக்கமும் கரை தெரிய இடம் விடு.

நிற்கும் இடத்தை வெயில்தான் தீர்மானிக்கும். காலையில் ஒக்டன் முனை அலைதடுப்பு அணைக்குப் போ. அணை முக்கால் கிலோமீற்றர் நீளம், நுனியில் சின்ன வெளிச்சவீடு. கப்பல் தெற்கிலிருந்து வந்து நுனியைச் சுற்றி உள்ளே போகும். நீ மேற்கே பார்த்து நிற்பாய், வெயில் முதுகில் விழும், கப்பலின் பக்கம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் கறுத்த உருவம்தான் கிடைக்கும். மத்தியானத்துக்கு லோரல் முனை நல்லது. அங்கே வடக்கே பார்ப்பதால் வெயில் பின்னால் இருக்கும், கப்பலும் கிட்டவாகப் போகும். கோடை மாலைக்கு எதிர்க்கரை, சொங்கீஸ் நடைபாதை. சூரியன் வடமேற்கில் இறங்குவதால் கப்பலும், பின்னால் சட்டசபையும் எம்பிரஸ் ஹோட்டலும் ஒன்றாக வெளிச்சம் பெறும். டிசம்பரில் அந்தக் கணக்கெல்லாம் பிழைக்கும். அங்கே நடு மத்தியானத்திலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 18 பாகைதான் ஏறும், நாலரை மணிக்கு முன்பே மறைந்துவிடும். அந்த மாதத்தில் சொங்கீசுக்கு இருட்டுகிற நேரம் போய், சட்டசபையின் விளக்குகள் எரியும்போது எடு.

உள்துறைமுகத்தில் கப்பல் திரும்புவதை முதல் நாள் கமரா இல்லாமல் நின்று பார். அந்த ஒடுக்கமான இடத்துக்குள் 104 மீற்றர் கப்பலைச் சுற்றித் திருப்புவார்கள். சில நிமிடங்களுக்குள், நீ காலை அசைக்காமலேயே முன்பக்கம், விலாப்பக்கம், பின்பக்கம் மூன்றும் கிடைக்கும். விலா முழுதாக உன்னைப் பார்க்கும் நேரம் கொஞ்சம்தான், அந்த நேரம் லென்சை மாற்றிக்கொண்டு நிற்காதே.

எந்த லென்ஸ் என்று கேட்பாய். ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. முழுச் சட்டக் கமராவின் சென்சர் அகலம் 36 மில்லிமீற்றர். கப்பலுக்கும் உனக்கும் இடையிலான தூரத்தை 36-ஆல் பெருக்கி, 104-ஆல் வகுத்தால், கப்பல் விளிம்புக்கு விளிம்பு நிறையும் குவியத்தூரம் வரும். 300 மீற்றருக்கு 104 மில்லிமீற்றர், 120 மீற்றருக்கு 42. கரைக்கு இடம் விட வேண்டும் என்பதால் வருகிற எண்ணில் கால்வாசியைக் குறை. லோரல் முனையில் 28 அல்லது 35 போதும். 400 லென்சைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிற்பவர்கள் யன்னல்களைத்தான் எடுத்து வருவார்கள்.

வெளிக்கடலில் கப்பல் மணிக்கு 15 கடல் மைல் போகும், அதாவது செக்கனுக்கு 7.7 மீற்றர். 24 மெகாபிக்சல் படத்தில் கப்பல் சட்டத்தை ஏறக்குறைய நிறைத்தால் ஒரு பிக்சல் என்பது கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். 1/400 செக்கனில் கப்பல் நகர்வதும் அவ்வளவுதான். அதனால் ஷட்டர் வேகத்தை 1/500 வைத்தால் கப்பல் அசைந்ததால் படம் கெடாது. துறைமுகத்துக்குள் 5 கடல் மைல் வேகம்தான் அனுமதி, அங்கே 1/200 தாராளம். அப்படியும் படம் மங்கினால் காரணம் உன் கை, அல்லது காற்று. இரண்டாவது காரணத்தைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். நீரிணையில் தண்ணீர் கோடையிலும் குளிர். மேலே சூடான காற்று வந்து படிந்தால் தூரத்துக் கப்பல் மேல்நோக்கி நீண்டு, அடுக்கடுக்காக, கானல்நீரில் மிதப்பது போலத் தெரியும். 5 கிலோமீற்றர் தூரத்தில் எவ்வளவு விலையான லென்சும் அதைத் திருத்தாது. காத்திரு, கிட்ட வரட்டும்.

வெள்ளை நிறம் இன்னொரு தொல்லை. கறுத்த கடலில் வெள்ளைக் கப்பல் நின்றால் கமரா கடலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மேல்தளத்தின் கம்பி, ஏணி, யன்னல் விளிம்பு எல்லாம் ஒரே வெள்ளைச் சுவராகப் போகும். வெயிலில் வெளிச்சத்தை 2/3 படி குறைத்து எடு, கமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) வலது ஓரம் முட்டாமல் இருக்கிறதா என்று பார். மூடுபனியில் நேர் எதிர், ஒரு படி கூட்டு, இல்லாவிட்டால் எல்லாம் சாம்பல். ஓகஸ்டில் பனிமூட்டம் அடிக்கடி வரும். கப்பலின் நீண்ட ஊதல் ஒலி முதலில் கேட்கும், பிறகுதான் உருவம் தெரியும்.

கப்பலில் ஏறி எடுக்கும்போது கைப்பிடிக் கம்பியில் கமராவைச் சாய்க்காதே, முக்காலியும் வேண்டாம். எஞ்சின் அதிர்வு கம்பியாலும் தரையாலும் நேரே ஏறும். முழங்கையை விலாவோடு ஒட்டி, காலை அகட்டி, உடம்பே அதிர்வைக் குடிக்கும்படி நில். லென்சில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதே, உப்பு கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகு துடை. குளிர்ந்த தளத்திலிருந்து சூடான உள்ளறைக்குப் போகுமுன் கமராவைப் பைக்குள் மூடிவிட்டுப் போ, அரை மணித்தியாலம் திறக்காதே. சுங்கச் சோதனை மண்டபத்துக்குள் கமராவை எடுக்கவே வேண்டாம். ட்ரோனும் வேண்டாம். அந்தத் துறைமுகத் தண்ணீர் கடல்விமானங்களின் ஓடுபாதை.

அக்கரையில் போட் ஏஞ்சலிசில் இறங்கினால் நகர இறங்குதுறையில் நின்று வடக்கே பார்த்து எடு. வெயில் சரியாக விழும். ஈடிஸ் ஹூக் என்ற மணல்திட்டுக்குப் போனால் வெயில் எதிரில்தான், ஆனாலும் கப்பலுக்குப் பின்னால் ஒலிம்பிக் மலைப் பனி நிற்கும். அதற்காக நான் எதிர்வெயிலையும் பொறுப்பேன்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் முக்கிய வேலை. லோரல் முனையில் எங்கே நின்றாய் என்று அடுத்த வருடம் ஞாபகம் இராது, தொலைபேசியின் இடக்குறிப்பும் சில மீற்றர் பிசகும். ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்து, கடலடியில் மீன் உள்ள பாரைக் கண்டுபிடிப்பார்களே, அதேதான். கிட்ட உள்ள ஒரு விளக்குக் கம்பம், தூரத்தில் ஒரு கட்டட மூலை, இரண்டும் ஒட்டி நிற்கும் இடத்தில் நில். அதே மாதிரி இன்னொரு சோடி வேறு திசையில் பார்த்து வை. இரண்டு கோடும் வெட்டும் இடம் உன் இடம். கொப்பியில் எழுது. நான்கு இடம் போதும், ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு நான்கு தரம்.

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம், கப்பல் வருகிறதா போகிறதா என்ற வரிசையில் வை. கமரா மணிக்கூட்டை மார்ச்சிலும் நவம்பரிலும் மாற்றிக்கொண்டிருக்காதே, ஒரே நேரத்தில் விட்டுவிடு. யாரோ கொடுத்த ஒரு கோப்பில் 2020 ஓகஸ்ட் என்று இருக்கிறது, மேல்தளம் நிறையப் பயணிகள். பெருந்தொற்றால் 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 நவம்பர் வரை பயணிகள் ஓட்டமே நிற்கவில்லையா? அவரின் கமரா மணிக்கூடு பிழை.

உனக்கு அனுப்பும் பெட்டியில் பழைய சாமான் சந்தைகளில் சேர்த்த கோஹோ ஸ்லைட்டுகள் (சட்டத்தில் பொருத்திய பிலிம் படங்கள்) இருக்கின்றன. அநேகமானவற்றில் திகதி எழுதவில்லை. கொடாக்குரோம் வகைப் பிலிமின் மட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் அச்சடித்திருந்தால் அது பிலிம் கழுவிய மாதம், எடுத்த மாதம் அல்ல. மற்றதைப் பின்னணியில் தேடு. பக்கத்தில் பிரின்சஸ் மார்கரிற் கப்பல் நின்றால் 1989 அல்லது அதற்கு முன். விக்ரோறியா கிளிப்பர் கப்பல் நின்றால் 1986 அல்லது அதற்குப் பின். இரண்டும் ஒரே படத்தில் நின்றால் உனக்கு அதிர்ஷ்டம். தூண்கள் வைத்த பழைய கப்பல் நிலையத்தில் மெழுகுச் சிலைக் காட்சிப் பலகை இருந்தால் 2010-க்குப் பிந்தியது அல்ல. அலைதடுப்பு அணையில் கைப்பிடி இல்லாவிட்டால் 2013-க்கு முன். பழைய நீலப் பாலம் தெரிந்தால் 2018-இல் புதுப் பாலம் வருமுன்.

இன்னுமொன்று. 2009 ஒக்டோபரில் புகலிடம் தேடிய 76 தமிழரோடு வந்த ஓஷன் லேடி கப்பலைக் கொண்டுவந்து கட்டினது இதே ஒக்டன் முனையில். அடுத்த ஓகஸ்டில் 492 பேரோடு வந்த சன் சீயைப் பக்கத்து எஸ்குவைமால்ற் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் எடுத்த கோஹோ படம் எதிலாவது பின்னால் ஒரு துருப்பிடித்த சரக்குக் கப்பல் தெரிந்தால், ஓரத்தை வெட்டாமல் எனக்கு அனுப்பு.

ஸ்கான் செய்யும்போது முதலில் ஸ்லைட்டின் பக்கத்தைப் பார். மங்கலான பக்கம்தான் படம் பதிந்த மருந்துப் பக்கம். பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டு முகப்பில் உள்ள பெயரை நம்பினால் ஏமாறுவாய். COHO என்ற ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்தில் மூன்று, கண்ணாடியில் பார்த்தாலும் மாறாதவை, முதல் எழுத்து மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அங்குலத்துக்கு 4000 புள்ளியில் ஸ்கான் செய்தால் ஒரு படம் ஏறத்தாழ 5,600 × 3,700 பிக்சல், 16 பிற் டிஃப் கோப்பாக ஏறத்தாழ 125 மெகாபைற் வரும். ஆயிரம் படத்துக்கு வட்டில் இடம் வைத்துக்கொள். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கொடாக்குரோமுக்கு அணைத்துவிடு, அது கப்பலின் கம்பிகளையும் கயிறுகளையும் தூசி என்று எண்ணித் தின்றுவிடும். எக்ராக்குரோம் வகைப் பிலிமுக்குப் போடலாம். அவற்றில் பழையவை சில செம்பழுப்பாகிவிட்டன, நிறத்தைத் திருத்த முன் மூலக் கோப்பைத் தனியே வை. பிவிசி உறையில் இருப்பவற்றை உடனே வெளியே எடுத்து, பொலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்று.

நீ போகிற நாள் ஜனவரி என்றால் அவசரப்பட்டுத் துறைமுகத்துக்கு ஓடாதே. அந்த மாதத்தில் கப்பலை வருடாந்தப் பழுதுபார்ப்புக்குக் கொண்டுபோவது வழக்கம், மேடை வெறுமையாக இருக்கும். அட்டவணையை ஒருக்கா பார்த்துவிட்டுப் போ. அந்த வெறும் மேடையையும் ஒரு படம் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா