மவுஸா, கன்ட்ரோலரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுக்குக் கீபோர்டும் மவுஸும்தான் உகந்தவை, இரு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் சின்னப் பிள்ளைகளுக்கானது என்கிற தொனியில் தங்கள் தொழில்நுட்பப் பக்கக் கட்டுரை முடிந்திருந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் பாதி உண்மை. ஏன் உண்மை என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

மவுஸ் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு பார்வை திரும்பும். கை நின்றால் அதுவும் நிற்கும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக், திரும்பும் வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது. சாய்த்துப் பிடித்திருக்கும்வரை பார்வை சுழன்றுகொண்டே இருக்கும். இலக்கு வந்த கணத்தில் கட்டைவிரலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் குறி தாண்டிவிடும். இதை ஈடுகட்டத்தான் 'எய்ம் அசிஸ்ட்'. குறி எதிரியை நெருங்கியதும் சுழற்சி தானாக மெதுவாகும். சில விளையாட்டுகளில் எதிரி நகர, பார்வையும் கூடவே சற்றுத் திரும்பும். கிட்டத்துச் சண்டையில் கன்ட்ரோலர் பிடித்தவர் வென்றால் அதில் மென்பொருளுக்கும் பங்குண்டு.

கீபோர்டு தரப்பும் சுத்தமில்லை. எதிரெதிர்த் திசை விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்று, ஆளைச் சட்டென நிறுத்த உதவும் கீபோர்டு வசதியை 2024 ஆகஸ்டில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தடை செய்தது.

மவுஸுக்குச் செலவழிக்கும் முன் கணக்குப் போடுவது நல்லது. அதே விளையாட்டில் டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் பதிவாகும் புள்ளிகள்) 800, சென்சிட்டிவிட்டி (அந்த அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்னும் விளையாட்டு அமைப்பு) 1 என வைத்தால் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 செ.மீ. நகர்த்த வேண்டும், 2 என வைத்தால் 26 செ.மீ. போதும். சிறிய மவுஸ்பேடு வைத்துக்கொண்டு சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 16,000 டிபிஐ யாருக்கும் தேவைப்படாது. மவுஸ் கணினிக்கு எத்தனை முறை தகவல் அனுப்புகிறது என்னும் போலிங் ரேட் அப்படியல்ல: 125 ஹெர்ட்ஸில் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை போகும் தகவல், 1000 ஹெர்ட்ஸில் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை போகும். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரெசிஷன்' டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் அதே தூரத்தை வேகமாக இழுக்கும்போது பார்வை கூடுதலாகத் திரும்பும், கை பழகவே பழகாது. விண்டோஸின் திருத்தம் இல்லாமல் மவுஸ் அசைவை நேராக வாங்கும் 'ரா இன்புட்' உள்ள விளையாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கார் பந்தயத்தில் நிலைமை தலைகீழ். சாதாரணக் கீபோர்டு விசைக்கு அழுத்தியது, விட்டது என இரண்டே நிலைதான். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் உதவியை அணைத்துவிட்டு அதில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி நேரே வழுக்கும். கன்ட்ரோலரின் டிரிகரைப் பாதி அழுத்தினால் பாதி பிரேக். காரால் பந்தடிக்கும் ராக்கெட் லீக் விளையாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கன்ட்ரோலரையே நாடுவது பழக்கதோஷத்தால் அல்ல.

கன்ட்ரோலரின் சாபம், தொடாமலே ஸ்டிக் ஒரு பக்கம் இழுப்பது. உள்ளே ஸ்டிக்கின் சாய்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் உராய்ந்து தேய்வது முக்கியக் காரணம். ஸ்டிக்கின் அசைவை விளையாட்டு கண்டுகொள்ளாத நடுப்பகுதியான டெட்ஸோனை 5 சதவீதத்திலிருந்து 10-க்கு உயர்த்தினால் சில காலம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் ஏற்றினால் நுண்ணிய அசைவுகள் பதிவாகாது. புதிதாக வாங்குவோர் காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். அதன் சென்சாரில் உராய்வே இல்லை.

இரண்டையும் ஒரே கணினியில் செருகி வைப்பதற்கும் தடையில்லை. ஜிடிஏ 5-இல் மவுஸால் சுட்டுவிட்டு, காரில் ஏறியதும் கன்ட்ரோலரை எடுத்தால் விளையாட்டு தானாகவே மாறிக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு